பேரிளம்பெண்ணுக்கு அப்பால்



சில வாரங்களாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்ததை இன்று எழுதிவிடுவது என்று அமர்ந்திருக்கிறேன். இது ஒரு மணிலா அட்டையில் தொடங்கியது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விளம்பரம் குறித்துப் பாடம் நடத்தினேன். விளம்பரத்தின் மொழி எப்படி இருக்கும், அது யாரை நோக்கிப் பேசுகிறது, எதைச் சொல்லி எதை மறைக்கிறது என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பழைய நாளிதழ்களையும் மாத இதழ்களையும் பேரங்காடிகள் வீட்டுக்கு வீடு போடும் துண்டறிக்கைகளையும் கொண்டுவரச் சொன்னேன். குழு குழுவாக அமர்ந்து வெட்டி ஒட்டினார்கள். ஒரு குழுவில் நான்கு மாணவிகள். நான் கேட்காமலேயே அவர்கள் படங்களை வயது வரிசையில் அடுக்கி, மேலே 'ஒரு பெண்ணின் வாழ்க்கை' என்று தலைப்பும் எழுதிவிட்டார்கள்.

முதற்படம், சத்துபானம் குடிக்கும் பள்ளிச் சிறுமி. இரண்டாவது, பட்டமளிப்பு அங்கியில் ஓர் இளம்பெண். அது ஒரு தனியார் கல்லூரியின் விளம்பரம். மூன்றாவது, முகப்பூச்சு. நான்காவது, கழுத்து நிறைய நகையோடு மணப்பெண். ஐந்தாவது, கைக்குழந்தையும் பால்மாவும். ஆறாவது, வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் தாய், பக்கத்தில் சலவைத்தூள். கடைசியாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் பாட்டியும் ஒரு வலித்தைலமும்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்று பாராட்டினேன். அக்குழுவில் ஒருத்தி அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க இதுல எந்தப் படம்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு வயது நாற்பத்தைந்து. மணமாகவில்லை. பட்டமளிப்பு அங்கிக்கும் முழங்கால் தைலத்துக்கும் இடையில் அந்த அட்டையில் எனக்கு இடமே இல்லை. "தேடிப் பாருங்க, அடுத்த பாடத்துல சொல்லுங்க" என்று சொல்லி மணியடித்ததும் வெளியே வந்துவிட்டேன். மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாமல் வெளியேறுவது ஆசிரியருக்குப் புதிதன்று. ஆனால் அன்று அந்தக் கேள்வி வீடு வரைக்கும் என்னுடன் வந்தது.

*

இரவு உணவு முடிந்து அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு அமர்ந்தபோது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த இலக்கிய வகுப்பு நினைவுக்கு வந்தது. தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பெண்ணுக்கு ஏழு பருவம். ஐந்து முதல் ஏழு வயதுவரை பேதை. எட்டு முதல் பதினொன்று பெதும்பை. பன்னிரண்டு, பதின்மூன்று மங்கை. பதினான்கு முதல் பத்தொன்பது மடந்தை. இருபது முதல் இருபத்தைந்து அரிவை. இருபத்தாறு முதல் முப்பத்தொன்று தெரிவை. முப்பத்திரண்டு முதல் நாற்பது பேரிளம்பெண். பாட்டியல் நூல்களுக்கிடையே வயதுக் கணக்கில் வேறுபாடு உண்டு. பரவலாக மனப்பாடம் செய்யப்படுவது இந்தக் கணக்குத்தான். நாங்களும் தேர்வுக்காக அப்படியே ஒப்பித்தோம்.

இப்பருவங்கள் முழுவீச்சில் பயன்படுவது உலா இலக்கியத்தில். சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கைலாய ஞான உலாவை ஆதியுலா என்பார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர், விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர்மீதும் பாடியது மூவருலா. அமைப்பு எளியது. தலைவன் வீதியில் பவனி வருகிறான். ஏழு பருவத்து மகளிரும் வாயிலில் வந்து நின்று அவனைக் காண்கிறார்கள். பேதைக்கு ஒன்றும் விளங்குவதில்லை. பெதும்பைக்கு ஏதோ விளங்குவது போல இருக்கிறது. மங்கை முதல் மயக்கம் தொடங்குகிறது. பேரிளம்பெண் வரைக்கும் அது வெவ்வேறு விதமாக வளர்கிறது.

அன்றைக்கு எனக்குத் தோன்றாதது இப்போது தோன்றுகிறது. அந்தப் பெண்கள் அவரவர் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள், பவனி போன பிறகு எதற்குத் திரும்பினார்கள் என்பது உலாவின் கவலையன்று. அவனை எப்படிப் பார்த்தார்கள் என்பதே அவர்களுடைய பருவம். நாற்பதுக்குமேல் பெயரில்லை. பார்த்து மயங்குவாள் என்று புலவர் எதிர்பார்க்காத வயதுக்குப் பெயர் தேவைப்படவில்லை போலும்.

ஆண்களுக்கும் பாட்டியல் பருவம் வகுத்திருக்கிறது. மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று அப்பெயர்கள் போகின்றன. அவற்றில் வீரமும் திறலும் இருக்கின்றன. ஆனால் அரசி பவனி வர, ஏழு பருவத்து ஆடவரும் வாயிலில் நின்று மயங்கும் உலாவை நான் படித்ததில்லை.

இப்போது வீதியில் அரசன் வருவதில்லை; பொருள் வருகிறது. பெண்கள் வாயிலில் நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் மாறவில்லை.

*

சந்தைப்படுத்துதல் துறைக்கும் தனியே ஒரு பாட்டியல் இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் வெல்ஸ், ஜார்ஜ் குபார் என்னும் இருவர் குடும்ப வாழ்க்கைச் சுழற்சி பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். மனிதர் என்ன வாங்குவார் என்பதை அவருடைய வயதைவிட வாழ்க்கைக்கட்டமே நன்றாகக் காட்டுகிறது என்பது அவர்கள் கருத்து. அவர்கள் வகுத்த கட்டங்கள் ஒன்பது. மணமாகாத இளமை, புதுமணத் தம்பதியர், பிறகு 'நிறைந்த கூடு' மூன்று, 'வெறுங்கூடு' இரண்டு, கடைசியில் துணையை இழந்து தனித்திருப்போர் இரண்டு. கூட்டில் குஞ்சு இருக்கிறதா, பறந்துவிட்டதா என்பதே அளவுகோல்.

அந்த ஒன்பதில் மணமாகாமலே நடுவயதை அடைந்தவருக்கு இடமில்லை. மணமுறிவு பெற்றவருக்கும் இல்லை. 1979இல் மர்ஃபி, ஸ்டேப்பிள்ஸ் என்ற இருவர் அதைத் திருத்தி மணமுறிவையும் சேர்த்துப் புதிய வரைவு ஒன்றைத் தந்தார்கள். கற்றவர்கள் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். விளம்பரம் எடுப்பவர்களின் மனத்தில் பழைய கூடுதான் இன்னும் தொங்குகிறது.

வணிகர்களுக்கு இந்தக் கட்டங்கள்மேல் ஏன் இத்தனை ஆசை? காரணம் உண்டு. நாம் வழக்கமாக ஒரே பற்பசை, ஒரே சோப்பு என்று வாங்கிக்கொண்டிருப்போம். அந்தப் பழக்கத்தை அசைப்பது கடினம். வேலையில் சேரும்போதும், மணமாகும்போதும், பிள்ளை பிறக்கும்போதும் பழக்கங்கள் தாமாகவே கலைகின்றன. அப்போது நுழைபவர் பல்லாண்டு தங்கலாம். அமெரிக்காவின் டார்கெட் என்னும் பேரங்காடி, மணமற்ற களிம்பும் சில சத்து மாத்திரைகளும் வாங்கும் முறையைக் கொண்டே எந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்று கணித்து வந்ததை 2012இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது உலகமே வியந்தது. இன்று நம் கைப்பேசியே அந்த வேலையைச் செய்கிறது. நாற்பது வயதைக் கடந்ததும் என் கைப்பேசியில் நரைமுடிச் சாயமும் மூட்டுவலி மாத்திரையும் வரிசை கட்டி வரத் தொடங்கின. நான் ஒன்றையும் கேட்கவில்லை.

*

கல்லூரி முடித்த பெண்ணுக்கு முதலில் வருவது முகப்பூச்சு.

நான் பயிற்சிக் கழகத்தில் படித்த காலத்தில், விடுதி அறையில் என்னோடு தங்கியிருந்த மூவரில் இருவர் மேசையில் அந்தக் குழாய் இருந்தது. 'ஃபேர் அண்ட் லவ்லி'யைச் சொல்கிறேன். 1975ஆம் ஆண்டு இந்தியாவில் இந்துஸ்தான் லீவர் அறிமுகப்படுத்திய களிம்பு அது. நம் நாட்டுக் கடைகளிலும் கிடைத்தது. பால்மரத் தோட்டத்தில் பிறந்து வெயிலில் வளர்ந்த எனக்கு என் நிறம் ஒரு பொருட்டாகத் தோன்றியதே இல்லை. முதல் நேர்முகத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு தோழி அக்கறையோடு, "கொஞ்ச நாளைக்குப் போட்டுப் பாரு, பளிச்சுன்னு இருப்ப" என்றாள். போட்டேன். தேர்வில் என்னிடம் கேட்டதெல்லாம் எழுத்துப் போட்டியையும் வாசிப்பையும் பற்றித்தான். ஆனாலும் குழாய் தீரும்வரை நான் நிறுத்தவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் களிம்பின் விளம்பரம் ஒன்று இந்தியாவில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. மகன் இல்லையே என்று ஏங்குகிறார் தந்தை. கருநிற மகள் அதைக் கேட்டுவிடுகிறாள். களிம்பைப் பூசுகிறாள், வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள், பெற்றோரை மகிழ்விக்கிறாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடியது. 2003இல் அவ்விளம்பரம் நிறுத்தப்பட்டது. 2020இல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கி 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு பெயர் மாற அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. விளம்பரத்தில் அந்த மகள் வேலைக்குப் போனாள் என்பதை நினைத்துப் பாருங்கள். படித்தாளா, என்ன திறமை இருந்தது என்பதற்கு அதில் இடமே இல்லை. பட்டச் சான்றிதழின் இடத்தைக் களிம்புக் குழாய் பிடித்துக்கொண்டது.

அடுத்தது பொன்.

'வைரம் என்றென்றைக்கும்' என்ற பொருளில் டி பியர்ஸ் நிறுவனம் உலகெங்கும் பரப்பிய வாசகத்தை 1947இல் எழுதியவர் பிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண்மணி. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனையோ கோடி மணப்பெண்களின் விரலில் மோதிரம் ஏற்றிய அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. அவர் மகிழ்ச்சியாக இருந்தாரா என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. தம் வாழ்க்கை ஒரு விதமாகவும் தாம் எழுதிய வாசகம் வேறு விதமாகவும் இருந்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று மட்டும் நான் நினைப்பதுண்டு.

நமக்கு வைரத்தைவிடப் பொன்தான் நெருக்கம். சென்ற ஆண்டு ஜொகூர் பாருவில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். வீட்டுக் கடன் ஒன்று முடிந்திருந்தது. எனக்கென்று ஒரு சங்கிலி வாங்கலாம் என்று எண்ணம். பணிப்பெண், இருபது வயது இருக்கும், அன்பாக வரவேற்றாள்.

"யாருக்கு அக்கா, மகளுக்கா?"

"எனக்குத்தான்மா."

"ஓ, கல்யாண நாளா அக்கா?"

"கடன் முடிஞ்சிருச்சு. அதான்."

அவள் ஒரு கணம் திகைத்துப் பிறகு சிரித்தாள். "நல்லது அக்கா, நானும் அப்படி ஒன்னு வாங்கணும்" என்றாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவளுக்குப் பின்னால் சுவரில் ஆள் உயரத்தில் மணப்பெண் படம். நாள் முழுவதும் அதன் கீழ் நிற்பவளுக்கு வேறு கேள்வி எங்கிருந்து வரும்?

மூன்றாவது, வீடு. சலவைத்தூள், பால்மா, சமையல் எண்ணெய், தரைக்கு ஊற்றும் மருந்து. இந்தக் கட்டத்துக்குள் நுழைந்த பெண்ணின் முகத்தை இனிக் குறைவாகவே காட்டுவார்கள். கணவரின் சட்டையும் பிள்ளையின் மதிப்பெண்ணும் அவள் முகமாகிவிடும். இதை வணிகர்கள் மட்டும் செய்யவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நம் நாட்டின் மகளிர், குடும்ப, சமுதாய மேம்பாட்டு அமைச்சு வெளியிட்ட சுவரொட்டிகளை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் ஒப்பனையோடு இருக்க வேண்டுமாம். கணவரிடம் வீட்டுவேலைக்கு உதவி கேட்கும்போது டோராமோன் குரலில் கொஞ்சிப் பேச வேண்டுமாம்! எதிர்ப்பு கிளம்பியதும் வருத்தம் தெரிவித்து அவற்றை நீக்கினார்கள். அந்நாள்களில் ஒரு கையால் கஞ்சியைக் கிளறி மறுகையால் கைப்பேசியைப் பிடித்துப் பாடம் நடத்திய என் சக ஆசிரியைகள் அந்தச் சுவரொட்டியைப் பார்த்துச் சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

*

இதுவரை எழுதியதெல்லாம் பிறரைக் குறை சொல்வது. அது எளிது. இனி எழுதுவதற்காகத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

இவ்வாண்டு முதலாம் ஆண்டு மாணவர்ப் பதிவின்போது உதவிக்கு அமர்ந்திருந்தேன். ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாரத்தை நிரப்பியவர் 'தொழில்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், என்னைத் தெரியலையா?" என்றார். நான் பணியேற்ற இரண்டாம் ஆண்டில் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்த மாணவி! கணக்கில் புலி. கரும்பலகையில் நான் செய்த பிழையை எழுந்து நின்று திருத்தியவள். பிறகு ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றாள். இன்று முப்பத்துமூன்று வயது. பாட்டியல் கணக்கில் பேரிளம்பெண்.

அவள் அந்த இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினாள். எழுதும்போது கையெழுத்து சற்றுச் சிறுத்துப் போனதைக் கவனித்தேன். இருபத்தைந்தில் மணம். இருபத்தெட்டில், இரண்டாம் பிள்ளைக்குப் பிறகு, வேலையை விட்டுவிட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை என்றாள். "எல்லாரும் அப்படித்தானே டீச்சர் செய்றாங்க" என்றாள்.

பேச்சுக்கிடையில், "நீங்க கொடுத்த பரிசு இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவள் பட்டம் பெற்ற ஆண்டில் பழைய மாணவர் இருவருக்குப் பள்ளியில் சிறு பாராட்டு நடத்தினோம். ஒருத்தி அவள், மற்றவன் அவளோடு படித்த பையன், அவனும் பொறியியல்தான். பரிசு வாங்கும் பொறுப்பு என்னுடையது. அவனுக்கு நல்ல பேனா ஒன்று வாங்கினேன். அவளுக்கு வெள்ளிக் குங்குமச்சிமிழ். வாழ்த்து மடலில் என் கையால் எழுதியது: 'அடுத்து உன் திருமண அழைப்பிதழுக்காகக் காத்திருக்கிறேன்.'

அவனுக்கு எழுதியது என்ன தெரியுமா? 'நீ கட்டப்போகும் பாலங்களைக் காணக் காத்திருக்கிறேன்.'

எந்த நிறுவனமும் எனக்குப் பணம் கொடுத்து இதை எழுதச் சொல்லவில்லை. மணமாகாத நான், என்னை எல்லாரும் கேட்டு நோகடித்த அதே கேள்வியை, வாழ்த்து என்று நம்பி, என் சிறந்த மாணவிக்கு வெள்ளியில் பொதிந்து கொடுத்திருக்கிறேன். வீதியில் போகும் பவனிக்கு நானும் கொடி பிடித்திருக்கிறேன்.

அவள் ஒருத்தியின் கதையாக இருந்தால் தற்செயல் எனலாம். நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் படிக்கிறார்கள். ஆனால் வேலைச் சந்தையில் இருப்பவர்களைக் கணக்கெடுத்தால் ஆண்களில் நூற்றுக்கு 80க்கும் மேல். பெண்களில் ஏறக்குறைய 56. வயதுவாரியாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. மலேசியப் பெண்களின் பங்கேற்பு இருபதுகளின் பிற்பகுதியில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கிக்கொண்டே போகிறது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் பிள்ளைகள் வளர்ந்தபின் அக்கோடு மறுபடி ஏறும். இங்கே ஏறுவதில்லை. குழந்தை பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, காப்பகச் செலவு, வயதான பெற்றோர் என்று காரணங்கள் பல. சட்டம் சிறிது மாறியிருக்கிறது. 2023 சனவரி முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கும் முதன்முறையாக 7 நாள் விடுப்பு வந்தது. 98, 7 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பிள்ளை யாருடைய பொறுப்பு என்று நாம் நினைக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

விளம்பரத்தால்தான் பெண்கள் வேலையை விட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது பொய்யாகிவிடும். ஆனால் முடிவெடுக்கும் நேரத்தில் 'எல்லாரும் அப்படித்தானே' என்று தோன்றுகிறதே, அந்த 'எல்லாரும்' எங்கிருந்து வருகிறார்கள்? தொலைக்காட்சியிலிருந்து, சுவரொட்டியிலிருந்து, அத்தை மாமியிடமிருந்து, ஆசிரியர் எழுதிய வாழ்த்து மடலிலிருந்தும்தான் வருகிறார்கள்.

*

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மணமும் மக்கட்பேறும் இழிவானவை என்று யாராவது இதைப் படித்து எண்ணினால் அது என் எழுத்தின் குறை. என் தம்பியின் திருமணத்தில் என் அம்மா சிரித்த சிரிப்பை நான் விலை மதிக்க மாட்டேன். வீட்டிலிருந்து பிள்ளை வளர்ப்பதை விரும்பித் தேர்ந்தவர்களையும் நான் அறிவேன். அவர்களிடமும் எனக்குக் கேள்வி ஏதும் இல்லை. என் கேள்வி அந்த வரிசையைப் பற்றியது. ஒன்று முடிந்தால் அடுத்தது இன்னது என்று பத்து வயதுச் சிறுமி கேட்காமலே ஒட்டிக் காட்டுகிறாள் என்றால், அவளுக்கு வரிசையை யார் கற்பித்தது?

விளம்பரங்களிலும் மாற்றம் இருக்கிறது. 2013இல் தனிஷ்க் நகை நிறுவனம், சிறு மகளோடு மறுமணம் செய்துகொள்ளும் மாநிறப் பெண் ஒருத்தியை மணப்பெண்ணாகக் காட்டியது. 2015இல் ஏரியல் சலவைத்தூள் இந்தியாவில், துணி துவைப்பது பெண்ணுக்கு மட்டும் உரிய வேலையா என்று கேட்டது. 1994இல் கேட்பரி விளம்பரத்தில் காதலன் ஆறு ஓட்டம் அடித்ததும் ஒரு பெண் மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடினாள். 2021இல் அதையே திருப்பி எடுத்தார்கள். அவள் அடிக்க, அவன் ஆடிக்கொண்டு ஓடினான். எல்லாம் பொருளை விற்பதற்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் வகுப்பு மாணவர்களுக்கு அந்த இரண்டு கேட்பரி விளம்பரங்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டியபோது, பையன்கள்தாம் அதிகம் கைதட்டினார்கள்.

வரிசையை மீறியவர்கள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. ஔவையைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. திருமணப் பேச்சு எழுந்தபோது விநாயகரிடம் வேண்டி இளமையிலேயே மூதாட்டி ஆனாளாம். சிறுவயதில் அதைப் பக்திக் கதையாகக் கேட்டோம். இப்போது கேட்டால் நெஞ்சு கனக்கிறது. ஊர் ஊராய்ச் சுற்றித் தமிழ் பாட விரும்பிய பெண், தன் பருவங்கள் அனைத்தையும் விலையாகக் கொடுத்துத்தான் அதைப் பெற வேண்டியிருந்திருக்கிறது!

நம் மண்ணிலேயே இராசம்மா பூபாலன் இருக்கிறார். 1927இல் பிறந்தவர். பதினாறு வயதளவில் நேதாஜியின் ஜான்சிராணிப் படையில் சேர்ந்தார். போருக்குப்பின் ஆசிரியரானார், பள்ளி முதல்வரானார். ஒரே வேலைக்கு ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண் ஆசிரியருக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த காலத்தில் பெண் ஆசிரியர்களுக்குத் தொழிற்சங்கம் அமைத்தார். அவரும் பிறரும் போராடிய சம ஊதியத்தை அரசு 1969இல் ஏற்றது. கடன் முடிந்தது என்று நான் எனக்கொரு சங்கிலி வாங்கினேனே, அந்தப் பணத்தில் அவருடைய பங்கும் இருக்கிறது. மணமும் செய்துகொண்டார். ஆனால் எந்த விளம்பரப் படத்துக்குள் அவரை அடக்குவீர்கள்?

*

அடுத்த வாரம் அதே வகுப்பு. மணிலா அட்டையைத் திரும்ப எடுத்தோம். ஆண் பிள்ளைகள் குழு தங்கள் அட்டையைக் காட்டி, "ஆம்பளைங்களுக்கு வரிசை போட முடியல டீச்சர்" என்றார்கள். உண்மைதான். கார், கைப்பேசி, வங்கிக் கடன், காப்புறுதி. எந்தப் படத்தை எங்கே வைத்தாலும் பொருந்தியது. ஏன் அப்படி என்று கேட்டேன். ஒருவன் எழுந்து, "அவங்க எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்காங்க டீச்சர், வாங்குறதுதான் மாறுது" என்றான். எந்த ஆய்வுக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

பிறகு ஒரு பணி கொடுத்தேன். விளம்பரங்களை ஒதுக்கிவிட்டு, அவரவர் வீட்டிலும் தெருவிலும் இருக்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுதி வரச் சொன்னேன். அதிகாலை நான்கரைக்கு எழுந்து பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போகும் அம்மா. பள்ளி வேன் ஓட்டும் பெரியம்மா. கணவர் இறந்தபின் நாசி லெமாக் கடை போட்டு மூவரைப் படிக்க வைத்த பாட்டி. முப்பத்தெட்டு வயதில் தாதியர் படிப்புக்குச் சேர்ந்த சின்னம்மா. மணமாகாத அத்தை ஒருவர், வங்கியில். எல்லாவற்றையும் சிறு தாள்களில் எழுதி அதே அட்டையில் ஒட்டினோம். ஒட்ட ஒட்ட வரிசை கலைந்தது. இரண்டு இடத்தில் பழைய படங்கள் மறைந்தே போயின. கேள்வி கேட்ட மாணவி, மணப்பெண்ணுக்கும் பாட்டிக்கும் நடுவே ஒரு தாளை ஒட்டினாள். 'எங்கள் டீச்சர். பாடம் சொல்லிக் கொடுக்கிறார்' என்று எழுதியிருந்தது. பருவப்பெயர் எதுவும் இல்லை.

என் பழைய மாணவி சென்ற மாதம் அழைத்தாள். கூலாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கிறாளாம். ஐந்தாண்டு இடைவெளியை எப்படி விளக்குவது என்று தயக்கம். நற்சான்றுக் கடிதம் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். கரும்பலகையில் என் பிழையைத் திருத்தியதையும் அதில் சேர்த்தேன். நேர்முகத் தேர்வன்று அவள் மகன் பள்ளி முடிந்ததும் என்னோடு நூலகத்தில் இருந்தான்.

அவனை அழைத்துச் செல்ல வந்தபோது அவளிடம் ஒரு சிறிய பெட்டியைக் கொடுத்தேன். பேனா. பத்தாண்டு தாமதம். மடலில், நான் அன்று அந்தப் பையனுக்கு எழுதிய அதே வரியை எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சிமிழையும் நான் தூக்கிப் போட மாட்டேன் டீச்சர்" என்றாள். வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்றேன்.

வேலைக்கான பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்.